தன்பாத் ரயிலில் வந்தவரும் நார்வேயின் கணக்கும்

காட்பாடி சந்திப்பில் தன்பாத்–ஆலப்புழா விரைவு ரயில் வந்து நிற்கும்போது இறங்குகிறவர்களில் பலருடைய கையில் எக்ஸ்ரே உறையோ, கயிறு கட்டிய மருத்துவக் கோப்போ இருக்கும். அவர்கள் ஆட்டோ பிடித்துப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வேலூருக்குள் வந்து, வங்காளத்திலும் இந்தியிலும் பலகை எழுதிய பாபு ராவ் தெரு, காந்தி சாலை லாட்ஜுகளில் அறை தேடுவார்கள். அவற்றில் ஒரு சிறிய லாட்ஜை என் தம்பி நடத்துகிறான். கூட்டுறவு வங்கி ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், மாலை வேளைகளில் அங்கே உட்கார்ந்து வருகைப் பதிவேட்டை எழுதிக் கொடுக்கிறேன்.

சென்ற ஆண்டு அப்படி வந்தவர்களில் ஒருவர், ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத் மாவட்டத்தின் ஜரியாவிலிருந்து பேரனின் இதயச் சிகிச்சைக்காக வந்திருந்த ஒரு பெரியவர். ஒரு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தார். வங்கிப் பயிற்சிக் காலத்தில் நான் கற்ற அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு அவருடன் பேசிய மாலைகள்தாம் இந்தப் பதிவுக்குக் காரணம். அவர் வீட்டுத் தரை பனிக்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்குமாம். சுவரில் ஓடும் விரிசலுக்குச் சிமெண்டு பூசினால் அடுத்த மழைக்குள் அது மறுபடி திறந்துகொள்ளுமாம். தெருக்கோடியில் மண் பிளந்து புகை வரும் இடத்தைக் குழந்தைகளுக்குக் காட்டி, அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லி வளர்ப்பார்களாம். அவருடைய தகப்பனார் காலத்திலும் அப்படித்தான் இருந்ததாம். ஜரியாவின் நிலக்கரிப் படுகையில் முதல் தீ கண்டறியப்பட்டது 1916ஆம் ஆண்டில். அது இன்னும் முழுமையாக அணையவில்லை.

ஒரு நாடு தன் எரிபொருள் வளத்தைத் தோண்டித் தீர்ப்பதற்கு என்ன விலை கொடுக்கிறது என்ற கேள்வி பொருளியலில் பழையது. உலக வங்கி ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டுக்கும் அதற்கு ஒரு விழுக்காடு கணக்கிடுகிறது. நிலக்கரி, கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகிய மூன்றும் அந்த ஆண்டு எவ்வளவு தீர்ந்தன என்பதைப் பண மதிப்பாக்கி, மொத்த நாட்டு வருமானத்தில் அது எத்தனை விழுக்காடு என்று சொல்வது அந்தக் கணக்கு. அதில் இந்தியாவையும் நார்வேயையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நார்வேயின் விழுக்காடு இந்தியாவைப்போலப் பல மடங்காக இருக்கும். அட்டவணையை மேலோட்டமாகப் பார்க்கிறவர், நார்வேதான் தன் சொத்தை வேகமாகக் கரைக்கிறது, இந்தியா சிக்கனமாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடலாம். அந்த முடிவு தவறு என்பதை ஒரு கணக்கனாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

குடியாத்தத்துக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. மல்லாட்டையும் கேழ்வரகும் போடுவோம். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, செங்கல் சூளைக்காரர் ஒருவருக்கு அந்த நிலத்தின் மேல்மண்ணை மூன்றடி ஆழத்துக்கு வெட்டிக்கொள்ள என் தந்தையார் விற்றார். அந்த ஆண்டின் கணக்கு நோட்டை நான் இன்றும் வைத்திருக்கிறேன். மண் விற்ற பணம் மல்லாட்டை விற்ற பணத்துக்குக் கீழே, அதே வரவுப் பத்தியில் எழுதப்பட்டிருக்கிறது. நோட்டின்படி அதுதான் எங்கள் குடும்பத்தின் மிகச் செழிப்பான ஆண்டு. அடுத்த பல ஆண்டுகள் அந்த நிலத்தில் மழை பெய்தால் நீர் தேங்கியது, மழை நின்றால் தரை பாறையாக இறுகியது, மல்லாட்டை மகசூல் பாதிக்கும் கீழே போனது. என் தந்தையார் பொய்க்கணக்கு எழுதவில்லை. சொத்தை விற்ற பணத்தை வருமானம் என்று எழுதிவிட்டார், அவ்வளவுதான்.

நாடுகளின் கணக்கும் வழக்கமாக இப்படித்தான் எழுதப்படுகிறது. ஒரு டன் நிலக்கரி தோண்டி விற்கப்பட்டால் உள்நாட்டு உற்பத்தி அந்த அளவுக்கு உயர்கிறது. பூமிக்கடியில் இருந்த இருப்பு ஒரு டன் குறைந்தது என்பது எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. தொழிற்சாலை இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதுகிறோம், சுரங்கத்துக்கு எழுதுவதில்லை. உலக வங்கியின் விழுக்காடு இந்தக் குறையைத் திருத்தும் முயற்சி. விற்ற விலையிலிருந்து தோண்டும் செலவையும் போட்ட முதலுக்குரிய நியாயமான லாபத்தையும் கழித்தபின் மிஞ்சுவதைப் பொருளியலார் வாரம் என்பார்கள். நிலச்சுவான்தாருக்குக் குடியானவர் அளக்கும் வாரத்தின் அதே சொல்தான். உழைப்புக்கும் முதலுக்கும் உரியது போக, மண்ணுக்கென்று மிஞ்சுவது. அந்த வாரம் இருப்பை விற்ற பணம் என்பதால், அதை நாட்டின் சேமிப்பிலிருந்து கழித்துக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

இந்த விழுக்காட்டின் முதல் குறை, அது விலையோடு சேர்ந்து ஆடுவது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தால், அதே அளவு பீப்பாய்களை எடுத்திருந்தாலும் தேய்வு குறைந்துவிட்டதாக அது காட்டும். இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. எவ்வளவு வாரம் வந்தது என்று சொல்லும் அந்த எண், வந்த வாரம் எங்கே போனது என்று சொல்வதில்லை.

நார்வே அதை எங்கே வைத்தது என்பதைப் பார்ப்போம். 1969ஆம் ஆண்டின் இறுதியில் வட கடலில் எக்கோஃபிஸ்க் என்ற பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கிய நிலவியலாளர், மூளை முடக்குவாதத்துடன் பிறந்த மகனின் சிகிச்சைக்காக, நார்வேயில் பிறந்த தம் மனைவியின் நாட்டுக்குக் குடும்பத்துடன் குடிபெயர்ந்திருந்தார். ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்பதற்காக ஆஸ்லோவில் தொழில் அமைச்சகத்துக்குள் நுழைந்தவரை, எண்ணெய் பற்றி அறிந்தவர்கள் அரிதாக இருந்த அந்த அமைச்சகம் ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. அரசு நிறுவனம் ஒன்று, அதைக் கண்காணிக்கத் தனி இயக்ககம் ஒன்று என்று 1972இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்ற அமைப்பை வகுத்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஜரியாப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, நோயுற்ற பிள்ளைக்காக ஊர்விட்டு ஊர் வந்த அந்தத் தகப்பனைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். எண்ணெயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எண்ணெய் நிறுவனங்களின் லாபத்தில் 78 விழுக்காட்டை நார்வே அரசு வரியாக எடுத்துக்கொள்கிறது. வயல்களில் அரசு நேரடியாக வைத்திருக்கும் பங்கின் வருவாய் இதற்கு மேல். 1990இல் சட்டம் இயற்றித் தொடங்கிய நிதியத்தில் 1996இல் முதல் தொகை செலுத்தப்பட்டது. எண்ணெயிலிருந்து அரசுக்கு வரும் நிகரப் பணம் முழுவதும் அதற்குள் போகிறது. நிதியம் முழுவதும் வெளிநாடுகளிலேயே முதலீடு செய்யப்படுகிறது. 1959இல் குரோனிங்கன் எரிவாயு கிடைத்தபின் நெதர்லாந்தின் நாணய மதிப்பு உயர்ந்து மற்றத் தொழில்கள் நலிந்ததைப் பார்த்த எச்சரிக்கை அது. அரசு எடுத்துச் செலவழிப்பது, நிதியம் ஈட்டும் என்று எதிர்பார்க்கப்படும் உண்மையான ஆதாயத்தை மட்டுமே. 2001இல் அது ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று வகுத்து, 2017இல் 3 விழுக்காடாகக் குறைத்தார்கள். அதே 2017இல் நிதியத்தின் மதிப்பு ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்குகளில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு இன்று அந்தச் சிறிய நாட்டினுடையது. இந்திய நிறுவனங்களின் பங்குகளும் அதில் அடக்கம்.

ஆகவே நார்வேயின் தேய்வு விழுக்காடு எவ்வளவு உயர்ந்தாலும், அந்த எண்ணுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பதிவு இருக்கிறது. எங்கள் மேல்மண் விற்ற பணத்தில் வேறிடத்தில் ஒரு நஞ்சை வாங்கியிருந்தால் கணக்கு எப்படி இருந்திருக்குமோ, அப்படி.

இந்தியாவின் வாரம் எங்கே போனது? அது களவுபோய்விட்டது என்று ஒரே வார்த்தையில் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி உண்மையும்கூட. ஏலமின்றி வழங்கப்பட்ட சுரங்கத் தொகுதிகளால் பெற்றவர்களுக்கு 1.86 லட்சம் கோடி ரூபாய் ஆதாயம் என்று 2012இல் தலைமைத் தணிக்கையாளர் மதிப்பிட்டார். 2014இல் உச்ச நீதிமன்றம் 204 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. ஆனால் வாரத்தின் பெரும்பகுதி களவுபோகவில்லை என்றே நினைக்கிறேன். அது கருவூலத்தையே எட்டாமல், மலிவு விலையாகக் கரைந்து நாடெங்கும் பரவியது. 1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆன பிறகு நெடுங்காலம் நிலக்கரி விலையை அரசே குறைவாக வைத்திருந்தது. 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை நீடித்த, எவ்வளவு தொலைவில் வாங்கினாலும் நிலக்கரியும் எஃகும் ஒரே விலைக்குக் கிடைக்கச் செய்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால், சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அனுகூலத்தைக்கூடப் பீகாரும் ஒரிசாவும் இழந்தன. தொலைவில் இருந்த நம்மைப்போன்ற மாநிலங்கள் அதனால் தொழில் வளர்த்தன.

இங்கே வட ஆர்க்காட்டுக்காரனாகிய நான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. ஒடிசாவின் தால்சேரில் தோண்டிய நிலக்கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கு வருகிறது. காட்பாடி நடைமேடையில் நிற்கும்போது நம்மைக் கடந்து போகும் கரிய சரக்கு ரயில்கள் அந்தச் சங்கிலியின் கண்ணிகள். அந்தக் கரியில் பிறந்த மின்சாரம்தான், பழைய தென் ஆர்க்காட்டு நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியில் பிறந்த மின்சாரத்தோடு சேர்ந்து, நம் கிணற்று மோட்டார்களை ஓட்டியது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், சில ஆண்டுகளில் எல்லா விவசாயிகளுக்கும் அந்த மின்சாரம் இலவசமானது. அது எங்கள் வீட்டில் அடுப்பெரிய வைத்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த மோட்டாரைக் கொண்டு நாங்கள் செய்ததும் இருப்பைத் தீர்ப்பதுதான். முப்பதடியில் நீர் கிடந்த கிணறு வற்றி, உள்ளேயே துளை போட்டு, பிறகு வெளியே ஆழ்துளை போட்டு, நூறடி, முந்நூறடி, அறுநூறடி என்று இறங்கினோம். ஒரு நாட்டின் ஒரு மூலையில் பூமியைத் தோண்டித் தீர்த்த நிலக்கரி, இன்னொரு மூலையில் நிலத்தடி நீரைத் தீர்ப்பதற்குப் பயன்பட்டிருக்கிறது. இரண்டு தேய்வுகளும் இரண்டு இடங்களிலும் வருமானமாகவே எழுதப்பட்டன.

இந்தியா ஏழை நாடு, அதற்கு மின்சாரம் உடனே தேவைப்பட்டது, அருவிகளிலிருந்தே தன் மின்சாரத்தின் பெரும்பகுதியை எடுக்கும் ஐம்பத்தைந்து லட்சம் மக்களின் நாட்டோடு நூற்று நாற்பது கோடி மக்களின் நாட்டை ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பசியோடு இருப்பவனிடம் விதைநெல்லைப் பத்திரப்படுத்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. மலிவு மின்சாரத்தில் படித்த பிள்ளைகளும், நிலக்கரியால் உருக்கிய எஃகில் எழுந்த பாலங்களும் ஒருவகை முதலீடே. ஆனால் எவ்வளவு சாப்பிடலாம், எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தோமா என்பதுதான் என் கேள்வி.

அதற்கு ஒரு வழியை எகிப்தியப் பொருளியலாளர் சலா எல் செராஃபி 1989இல் சொன்னார். ஒரு வளம் தீர எத்தனை ஆண்டு ஆகும், எடுத்துவைக்கும் பணத்துக்கு என்ன வட்டி கிடைக்கும் என்ற இரண்டும் தெரிந்தால், நூறு ரூபாய் வாரத்தில், வளம் தீர்ந்த பிறகும் அதே அளவு தொடர்ந்து செலவழிக்கக்கூடிய உண்மையான வருமானம் எவ்வளவு, அதற்காக எடுத்துவைக்க வேண்டிய முதல் எவ்வளவு என்று பிரித்துவிடலாம். மூன்று விழுக்காடு வட்டி என்று வைத்து நானே போட்டுப் பார்த்தேன். பத்து ஆண்டில் தீரும் வளமென்றால் நூற்றில் 72 ரூபாயை எடுத்துவைக்க வேண்டும். நூறு ஆண்டு வருமென்றால் 5 ரூபாய் எடுத்துவைத்தால் போதும். நம் நிலக்கரி நூறாண்டுக்கு மேல் வரும் என்று சொல்லிச் சொல்லியே நாம் கவலையற்று இருந்ததன் காரணம் இந்த ஐந்து ரூபாய்தான். ஆனால் 2070க்குள் கரிம உமிழ்வை நிகரச் சுழியாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா உறுதி சொல்லியிருக்கிறது. நாம் அந்த உறுதியைக் காப்பாற்றுவோம் என்றால், பூமிக்கடியில் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும், நிலக்கரியை விற்கக் கிடைக்கும் காலம் இன்னும் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுதான். நாற்பத்தைந்து என்று போட்டால் எடுத்துவைக்க வேண்டியது 26 ரூபாயாகிறது. ஐந்தும் இருபத்தாறும் ஒன்றல்ல. நிலக்கரி மாநிலங்கள் பெறும் 14 விழுக்காட்டு ராயல்டி வந்த ஆண்டே செலவாகிறது. 2015இல் திருத்திய சட்டம் உருவாக்கிய மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் சுரங்கப் பகுதிகளுக்கென்று பணம் ஒதுக்குவது நல்ல தொடக்கம். ஆனால் அவையும் வந்ததைச் செலவழிக்கும் அமைப்புகளே.

இதுவரை சொன்னது எடுத்து விற்ற வளத்தைப் பற்றி. எடுக்காமலே அழிந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது?

எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் ஒருவகைச் சுண்ணப்பாறைக்குள் இருக்கிறது. அதில் 17 விழுக்காட்டை மட்டுமே எடுக்க முடியும் என்று தொடக்கத்தில் மதிப்பிட்டிருந்தார்கள். அல்-காசிம் பணியாற்றிய இயக்ககம், லாபம் வந்தால் போதும் என்று நிறுவனங்களை விட்டுவிடாமல், பாறைக்குள் நீரைச் செலுத்தி மிச்ச எண்ணெயையும் வெளிக்கொணர வற்புறுத்தியது. 1987இல் தொடங்கிய அந்த முறையால் எடுக்கக்கூடிய அளவு ஏறத்தாழப் பாதிவரை உயர்ந்தது. அந்த வயலில் கடல்தரையும் அமிழ்ந்தது. 1984இல் அது தெரியவந்தது. கடலுக்கு நடுவே நின்ற எஃகு மேடைகளை 1987இல் ஆறு மீட்டர் உயர்த்திவிட்டார்கள். தெரிந்து மூன்றே ஆண்டுகள்.

ஜரியாவில் இருப்பது நாட்டின் மிகச் சிறந்த உருக்காலை நிலக்கரி. நாட்டுடைமைக்கு முன் இருந்த சுரங்க முதலாளிகள், தோண்டிய வெற்றிடத்தை ஆற்றுமணலால் நிரப்பும் செலவை மிச்சப்படுத்தி, மேலே கிடைத்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். தூண்களாக விட்ட கரி காற்றுப்பட்டுத் தானே பற்றியது. பிறகு வந்த அரசு நிறுவனமும் தீயை அணைப்பதைவிடத் திறந்தவெளியில் வெட்டி எடுப்பதையே பெரிதும் நாடியது. எரிந்துபோன கரி விற்பனையாகவில்லை. ஆகையால் அது உற்பத்தியிலும் ஏறவில்லை, உலக வங்கியின் தேய்வு விழுக்காட்டிலும் ஏறவில்லை. உருக்காலைக்கு வேண்டிய கரியின் பெரும்பகுதியை இன்று ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறோம் என்பதில்தான் அந்த இழப்பு மறைமுகமாகத் தெரிகிறது. மேலே குடியிருப்பவர்களை இடம்பெயர்க்க 2009இல் ஒரு பெருந்திட்டத்துக்கும், 2025இல் 5,940 கோடி ரூபாய்க்கு அதன் திருத்திய வடிவத்துக்கும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தீ கண்டறியப்பட்டதிலிருந்து எண்ணினால் 109 ஆண்டுகள்.

கணக்கில் வராத இழப்பைக் கணக்குக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு நம் ஊரே சான்று. தோல் ஏற்றுமதியால் வந்த அந்நியச் செலாவணி ஆண்டுதோறும் வரவாக எழுதப்பட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உப்பேறிய கிணறுகள் எங்கும் எழுதப்படவில்லை. வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறகு ஓர் ஆணையம் கிராமம் கிராமமாகப் போய் இழப்பை மதிப்பிட்டு விவசாயிகளுக்கு ஈட்டுத்தொகை நிர்ணயித்தது. தொகை போதுமா, பாலாறு தேறியதா என்பது வேறு. கெட்ட கிணற்றுக்கு ரூபாயில் ஒரு மதிப்பு எழுத முடிந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோவாவின் இரும்புத் தாதுக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் விற்பனைத் தொகையில் பத்து விழுக்காட்டை நிரந்தர நிதியமாக ஒதுக்கச் சொன்னதும் அதே திசையில் வைத்த அடி. நிலக்கரிக்கு அப்படி ஒன்று ஏன் கூடாது என்பதற்கு நான் கேட்ட எந்தப் பதிலும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

பெரியவரின் பேரனுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டச் சொல்லியிருந்தார்கள். அறையைக் காலி செய்த அன்று, அடுத்த முறை வரும்போது எளிதாக இருக்கட்டும் என்று பதிவேட்டில் அவருடைய முகவரியைச் சரிபார்த்தேன். அவர் என் கையைத் தடுத்து, ஜரியா முகவரியை அடித்துவிட்டுத் தம் மைத்துனருடைய ஊரின் முகவரியை எழுதிக்கொள்ளச் சொன்னார். கடிதம் வரும் நாளில் அந்தத் தெரு அங்கே இருக்குமா என்று அவருக்கு நிச்சயமில்லை என்றார்.